கில்பேர் பூங்காவில் மூன்று இரவு: ஏரிக்கரைக் காம்பிங் போக முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 250 கி.மீ. தூரத்தில், ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவுக்குள் நீண்டு கிடக்கும் பாறை முனையில் இருக்கிறது கில்பேர் மாகாணப் பூங்கா. 1960 இல் தொடங்கியது. வழுவழுப்பான இளஞ்சிவப்புக் கருங்கல், மேற்குக் காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தே வளர்ந்த பைன் மரங்கள், மொத்தமாக 3 கி.மீ. மணற்கரை, ஏழு காம்பிங் பகுதிகள். பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இதைவிடத் தோதான ஏரிக்கரை ஒன்ராறியோவில் குறைவு.

இங்கே போய் நனைந்து, குளிரில் நடுங்கி, மறுநாளே திரும்பும் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் எந்த நாளில் போனார்கள், கூடாரம் போட எந்தத் தளத்தைப் பிடித்தார்கள், சாப்பாட்டை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் பிழை இருக்கும். மூன்றும் வீட்டிலிருந்தே சரிசெய்யக்கூடியவை. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 6 பேர், 3 இரவு என்ற கணக்கில்.

எப்போது போவது

மே நடுப்பகுதியில் பூங்கா திறக்கும்போது ஆசையாக இருக்கும், போகாதீர்கள். மே இறுதியிலிருந்து ஜூன் பிற்பகுதி வரை கறுப்பு ஈக்கள் பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் இரத்தம் வரக் கடிக்கும். அதோடு சேர்ந்து நுளம்பு ஜூலை வரை நிற்கும். தண்ணீரும் ஜூலை முதல் வாரம் வரை பற்கள் கிடுகிடுக்கிற குளிர்.

ஜூலை கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். அதிலும் ஓகஸ்ட் பிற்பாதியில் தண்ணீர் சூடேறியிருக்கும், நுளம்பு குறைந்திருக்கும். பாடசாலை தொடங்கிய பின் செப்டெம்பரில் போகக்கூடியவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இரவில் வெப்பநிலை 5 பாகை வரை இறங்கலாம், படுக்கை அதற்கேற்றதாக இருக்கவேண்டும்.

தளம் பிடிப்பது

ஒன்ராறியோ பூங்காக்களில் முன்பதிவு, நீங்கள் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 25 போவதென்றால் பெப்ரவரி 25 காலை 7 மணி. கில்பேர் போன்ற இடத்தில் நல்ல தளங்கள் சில நிமிடங்களில் போய்விடும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை போக நினைப்பவர், அந்த வெள்ளிக்கு 5 மாதம் முன் காலை 7 மணிக்குச் சரியாக வந்து பார்த்தாலும் தளங்கள் பலவும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஏனென்றால் கோடை உச்சத்தில் கில்பேரில் ஒருவர் 7 இரவு வரை பிடிக்கலாம். முந்திய ஞாயிறோ திங்களோ வருகிறவர், தன்னுடைய நாள் திறந்தபோதே உங்கள் வெள்ளி, சனி இரவுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார். ஆகவே ஒன்று, ஞாயிறு பின்னேரம் போய் புதன் திரும்புங்கள்; அந்த இரவுகளில் போட்டி குறைவு, கரையிலும் சனம் குறைவு. இல்லையென்றால் புதன் அல்லது வியாழனில் தொடங்கி வார இறுதிக்குள் நீளும்படி பிடியுங்கள்.

முன்பதிவு இணையத்தளத்தில் கணக்கை முன்பே திறந்து, கடனட்டை விவரத்தைக் கைக்கெட்ட வைத்துக்கொண்டு 6:45 க்கு உள்ளே போங்கள். பூங்கா, திகதி, ஆட்களின் எண்ணிக்கை, கூடாரத்தின் அளவு எல்லாம் நிரப்பிவைத்து, 7 மணிக்கு அழுத்துங்கள். ஒரே தளத்தை நம்பி உட்காராதீர்கள். விருப்ப வரிசையில் ஐந்தாறு தள எண்களைத் தாளில் எழுதி வைத்திருங்கள். முதலாவது போய்விட்டது என்று திகைத்து நிற்கும் அரை நிமிடத்தில் இரண்டாவதும் போய்விடும்.

கிடைக்கவில்லையா, மனம் தளர வேண்டாம். இடம் காலியானால் மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதி அந்த இணையத்தளத்திலேயே உண்டு. பயணத்துக்கு முந்திய இரண்டு வாரங்களில் கைவிடப்படும் தளங்கள் பல. நீங்கள் கைவிடுவதானாலும் நேரத்தோடு செய்யுங்கள். எவ்வளவு காலம் பிடித்துவைத்திருக்கிறீர்களோ அவ்வளவுக்குத் திரும்பி வரும் காசு குறையும்.

மூன்று நான்கு குடும்பமாகப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு தளத்தில் பொதுவாக 6 பேர். அனுமதியோடு ஒரு வாகனம்தான் அடக்கம், இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். 14 பேர் என்றால் அடுத்தடுத்து மூன்று தளம் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் தனித்தனிக் கணக்கிலிருந்து ஆளுக்கொரு தள எண்ணை முன்கூட்டியே பங்கிட்டுக்கொண்டு பிடிப்பதுதான் நடைமுறையில் சரிவரும். ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பகல் அனுமதியில் வரச்சொல்லலாம் என்று நினைத்தால், அவர்கள் இரவு 10 மணிக்குள் பூங்காவை விட்டுப் போயாக வேண்டும்.

எந்தத் தளம்

தண்ணீருக்கு மிக அருகான தளமே நல்லது என்று எல்லோரும் நினைப்பார்கள். கில்பேரில் இது பாதிதான் உண்மை. கோடையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, திறந்த குடாவைக் கடந்து வருகிறது. ஹரோல்ட் பொயின்ற் பகுதி மேற்கு நோக்கியது. சூரியன் மறைவதைப் பார்க்க அதைப்போல் இடம் இல்லை, ஆனால் காற்றடிக்கும் இரவில் கூடாரத்துணி படபடத்துப் பிள்ளைகளைத் தூங்கவிடாது. முதல் தடவை போகும் குடும்பம் கில்கூர்சி பே பகுதியையோ பீவர் டாம்ஸ் பகுதியையோ பார்ப்பது நல்லது. மரமறைப்பும் மணற்கரையும் பக்கத்தில் கிடைக்கும். மாலையில் ஹரோல்ட் பொயின்றுக்குப் போய் சூரியனைப் பார்த்துவிட்டு வரலாம்.

முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் படமும் குறிப்பும் உண்டு. நிழல், மறைவு, தரையின் சரிவு, கூடாரம் போடும் இடத்தின் அளவு ஆகிய நான்கையும் வாசியுங்கள். மலசலகூடத்துக்கும் குளியலறைக்கும் நேர் எதிரே உள்ள தளத்தில் இரவு முழுக்க வெளிச்சமும் கதவுச் சத்தமும். 100 மீற்றருக்கு அப்பால் என்றால் சின்னப் பிள்ளையோடு நள்ளிரவில் நடை. 40 முதல் 80 மீற்றர் தோது. தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டிய தளத்தைத் தவிருங்கள்: நாள் முழுக்க ஆள் நடமாட்டமும் சேறும்.

பாறைமேல் மண் மெல்லிய பூங்கா இது. சில தளங்களில் கூடார ஆணி இரண்டு அங்குலத்துக்குமேல் இறங்காது. பத்துப் பன்னிரண்டு சாதாரண ஆணிகளோடு, 15 மீற்றர் கயிறும் கொண்டுபோங்கள். ஆணி இறங்காத இடத்தில் கயிற்றுத் தடத்தை ஒரு குச்சியில் கட்டி, அந்தக் குச்சியின்மேல் தலையளவுக் கல்லை ஏற்றினால் நிற்கும்.

கூடாரமும் படுக்கையும்

பெட்டியில் 6 பேர் என்று எழுதியிருந்தால் வசதியாக 4 பேர். 6 பேருக்கு இரண்டு நாலுபேர்க் கூடாரம் எடுப்பது, ஒரு பத்துப்பேர்க் கூடாரத்தைவிட நல்லது: காற்றுக்கு நிற்கும், பாறைக்கு நடுவிலுள்ள சின்ன மண்திட்டிலும் இடம் பிடிக்கும். வாங்கியதை வீட்டு முற்றத்தில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். தையலோரங்களில் குழாய்த் தண்ணீரை 10 நிமிடம் அடித்து ஒழுக்கு எங்கே என்று கண்டு, அங்கே தையல் பசை பூசுங்கள்.

இரவில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் கீழ்விரிப்புத்தான். விரிப்பின் ஓரம் கூடாரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழை அதில் விழுந்து, விரிப்புக்கும் கூடார அடிக்கும் நடுவே ஓடி, அங்கேயே குளமாகத் தேங்கும். நாலு பக்கமும் ஒரு சாண் உள்ளே மடியுங்கள். இரண்டாவது காரணம் மூச்சு ஈரம்: குளிருகிறது என்று காற்றுத் துவாரங்களை மூடினால், விடிய உட்பக்கத் துணி முழுக்க நனைந்திருக்கும். மேலே உள்ள துவாரங்களைத் திறந்தே விடுங்கள், உடம்பைப் போர்வையால் சூடாக்குங்கள்.

குளிர் கீழேயிருந்துதான் வரும். உறக்கப்பை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உடம்பின் பாரத்தில் கீழ்ப்பக்கம் நசிந்து பயனற்றுப்போகும். காற்று ஊதும் பெரிய மெத்தைக்குள் இருக்கும் காற்றும் நிலத்தளவு குளிர்ந்துவிடும். அதன்மேல் ஒரு தடித்த கம்பளியோ மூடிய நுரைப்பாயோ விரித்துப் படுங்கள். ஓகஸ்டுக்கு 5 பாகை வரை என்று குறித்த உறக்கப்பை போதும். செப்டெம்பருக்கு 0 பாகை. படுக்கும் உடுப்பைப் பகலில் போடாமல் தனியே ஒரு பையில் உலர்வாக வைத்திருங்கள்.

12 அடிக்கு 16 அடி படங்கு ஒன்று கட்டாயம். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு இழுத்து, அதன்மேல் படங்கைப் போட்டு, மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டினால் மழையிலும் சாப்பாட்டு மேசை உலர்வாக இருக்கும். ஒரு மூலை மற்ற மூன்றையும்விடத் தாழ இருக்கட்டும். இல்லையென்றால் நடுவில் தண்ணீர் கட்டிப் படங்கு கிழியும். நெருப்புக் குழிக்கு மேலே கட்டக்கூடாது.

சாப்பாடு

முதல் இரவுக்கு அடுப்பு மூட்டும் திட்டமே வேண்டாம். வீட்டிலிருந்து கட்டுச்சோறு: புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை. கூடாரம் போட்டு முடிய எல்லோரும் பசியோடு இருப்பார்கள். இருட்டில் வெங்காயம் வெட்டுவது சண்டையில்தான் முடியும்.

இரட்டை அடுப்புள்ள காஸ் குக்கர் போதும். பச்சை நிறத்தில் வரும் 465 கிராம் புரொப்பேன் உருளை ஒன்று, இரண்டு அடுப்பையும் முழுத் தீயில் எரித்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். 3 இரவுக்கு 4 உருளை கொண்டுபோங்கள். சிவப்பரிசி 40 நிமிடம் எரியக் கேட்கும், காஸ் அங்கேயே போய்விடும். பசுமதி எடுங்கள், ஆளுக்கு 100 கிராம் கணக்கில் ஒரு வேளைக்கு 600 கிராம். காற்று அடிக்கும் இடத்தில் அடுப்பின் மூன்று பக்க மறைப்பையும் விரித்து, சட்டியை மூடியே சமையுங்கள்.

இறைச்சிக் கறியை வீட்டில் வைத்து, பொலித்தீன் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். அடுக்க இலகு, ஐஸ் கட்டியாகவும் வேலை செய்யும், சூடாக்க 10 நிமிடம். உறைந்த கறி இரண்டாம் நாள் இரவுக்கு, மசாலா தடவி உறையவைத்த கோழி அதே நாள் மத்தியானத்துக்கு. மூன்றாம் நாளுக்கு இறைச்சியை நம்பவேண்டாம்: பருப்பு, சோயா, தகரத்தில் அடைத்த மீன். கொத்துரொட்டிக்கு ரொட்டியை வீட்டிலேயே கீறி எடுத்துப் போனால் அகன்ற தாச்சியில் 15 நிமிட வேலை. காலைக்கு ரவை உப்புமா, அல்லது கொதிநீரில் ஊறவைக்கும் உலர் இடியப்பம். தேங்காய்ச் சம்பலை அந்த வேளைக்கு மட்டும் இடியுங்கள். தேங்காய்ப்பூ வெக்கையில் அரை நாளில் புளித்துவிடும், வயிற்றோட்டத்துக்கு அதைவிட வேறு காரணம் தேடவேண்டாம்.

ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும். பிள்ளைகள் நிமிடத்துக்கொருதரம் திறக்கும் குடிபானப் பெட்டி ஒன்று. சமைக்கிறவர் மட்டும் திறக்கும் உணவுப் பெட்டி ஒன்று. முதல் நாள் இரவே இரண்டையும் வீட்டுக்குள் குளிரவையுங்கள், வெயிலில் கிடந்த பெட்டியின் சூடே பாதி ஐஸைத் தின்றுவிடும். கடைத் தூள் ஐஸைவிட, 4 லீற்றர் பால் கலனில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் உறையவைத்த கட்டி நீண்ட நேரம் நிற்கும், உருகினால் குடிக்கவும் உதவும். பச்சை இறைச்சி அடியில், கசியாத டப்பாவில். ஒரு சிறு வெப்பமானியை உள்ளே போடுங்கள்: 4 பாகைக்கு மேல் ஏறி இரண்டு மணித்தியாலம் ஆன இறைச்சியை எறிந்துவிடுங்கள்.

போகும் நாள்

தளம் பிற்பகல் 2 மணிக்குத்தான் கைக்கு வரும். நெடுஞ்சாலை 400 இல் பரி சவுண்ட் (Parry Sound) நகரைத் தாண்டி, நோபல் என்ற ஊரில் 559 ஆம் இலக்கச் சாலைக்குத் திரும்பவேண்டும். போக்குவரத்து இல்லாவிட்டால் மூன்று மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் என்றால் வழியிலுள்ள பாரி (Barrie) நகருக்கு முன்னாலேயே ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாகப் போகும். ஐஸ், காஸ், பால், பான் எல்லாம் வாங்கக் கடைசிப் பெரிய இடம் பரி சவுண்ட். பூங்காவுக்குள் தொலைபேசி அலை எல்லா இடத்திலும் பிடிக்காது; அனுமதிச்சீட்டையும் வரைபடத்தையும் முன்பே தரவிறக்கி வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் படங்கு, பிறகு கூடாரம், பிறகு படுக்கை, கடைசியாகத்தான் கதிரையும் சாப்பாடும். படங்கு கட்டியபின் மழை வந்தாலும் மற்றதை அதன்கீழ் செய்யலாம். கூடாரம் போடுமுன் மேலே அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கிளை தொங்கினால் இடத்தை மாற்றுங்கள்.

நெருப்பு

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு ஊர் ஊராகப் பரவியது விறகோடுதான். பூங்காவிலேயே வாங்குங்கள், ஒரு இரவுக்கு இரண்டு பை. காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையை எடுப்பதும் சட்டப்படி குற்றம். கோடையில் நெருப்புத் தடை வந்தால் விறகு நெருப்பே கூடாது. புறப்படும் காலையில் பூங்காவின் அறிவித்தலைப் பாருங்கள்.

கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ குளிருக்காகவோ மழைக்காகவோ கூடாரத்துக்குள் எடுக்கவே கூடாது. கரி அணைந்ததுபோல் சாம்பல் பூத்திருந்தாலும் காபன் மொனொக்சைட் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். படுக்கமுன் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் பிடித்தால் சூடு தெரியக்கூடாது.

கரடி, ரக்கூன், பாம்பு, உண்ணி

கரடியைவிட அன்றாடத் திருடன் ரக்கூன். ஐஸ் பெட்டியின் மூடியைக் கையால் திறக்கும். சமைத்து முடிந்ததும், சாப்பாடு மட்டுமல்ல, சட்டி, குப்பை, பற்பசை, சவுக்காரம், காலியான குளிர்பானத் தகரம் எல்லாம் வாகனத்துக்குள் போய்க் கண்ணாடி மூடப்படவேண்டும். கறித் தாளித மணம் வெகுதூரம் போகும். எண்ணெய்ச் சட்டியைத் தாளால் துடைத்து, அந்தத் தாளையும் குப்பையோடு பூட்டுங்கள். மேசையில் விட்டுப்போனால் பூங்கா அலுவலர் அபராதம் எழுதலாம். பாத்திரத்தைக் குழாயடியிலோ ஏரியிலோ கழுவாமல் தளத்தில் பேசினில் கழுவி, அந்தத் தண்ணீரைப் பூங்கா காட்டும் இடத்தில் ஊற்றுங்கள்.

கில்பேரில் மாசசோகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு வாழ்கிறது. ஒன்ராறியோவின் ஒரே விஷப்பாம்பு. முக்கால் மீற்றருக்கும் குறைந்த நீளம், சாம்பல் கபில நிறத்தில் கரும்புள்ளி. வால் ஆட்டும் ஒலி பூச்சி இரைச்சல்போல் கேட்கும். கூச்சமான பிராணி, மிதித்தால் அல்லது பிடித்தால்தான் கடிக்கும். சட்டப் பாதுகாப்புள்ள இனம் என்பதால் அடிக்கக்கூடாது. தளத்துக்குள் வந்தால் அலுவலரைக் கூப்பிடுங்கள், அவர்கள் பத்திரமாக அகற்றுவார்கள். இருட்டில் செருப்போடு நடக்காமல் மூடிய சப்பாத்தும் ரோர்ச் வெளிச்சமும் வேண்டும். விறகைத் தூக்குமுன் காலால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து 911 ஐ அழையுங்கள். பரி சவுண்ட் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

நுளம்புக்கும் உண்ணிக்கும் 20 விழுக்காடு இகாரிடின் என்ற பூச்சிவிரட்டி மருந்து உள்ள தைலம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பூசலாம். டீட் (DEET) என்ற மற்ற மருந்து என்றால் பெரியவர்களுக்கு 30 விழுக்காடு வரை, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம்.

தண்ணீரில்

மாகாணப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில், தொலைபேசியைக் கரையில் விட்டுவிட்டு நிற்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, யாருடைய முறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்துப் பெரியவர்கள் கரையில் இருக்கும்போது எல்லோரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். காற்றடைத்த மிதவைகள் விளையாட்டுப் பொருள்கள். கரையிலிருந்து காற்று வீசினால் பிள்ளையோடு குடாவுக்குள் போய்விடும். உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள், பல பூங்காக்கள் இரவலாகக் கொடுக்கின்றன. பாறை நனைந்திருந்தால் சவுக்காரம்போல் வழுக்கும். விழுந்து கை முறிப்பது அங்கேதான் அதிகம். தூண்டில் போடுவதற்கு 18 முதல் 64 வயதானவர்களுக்கு உரிமம் வேண்டும்.

இரவில் முன்னூற்று நாலு சீட்டு ஆடுவதும் பாட்டுப் பாடுவதும் தடையில்லை, ஆனால் ஏரிக்கரையில் குரல் தண்ணீர்மேல் வெகுதூரம் போகும். பக்கத்துத் தளத்துக்குக் கேட்கும் சத்தத்துக்கு எந்த நேரத்திலும் அபராதம் உண்டு. ஸ்பீக்கரை வீட்டில் விட்டுவிடுங்கள். மது உங்கள் தளத்துக்குள் மட்டும், கரைக்குக் கொண்டுபோகக்கூடாது.

திரும்பும் நாள்

பிற்பகல் 2 மணிக்குள் தளத்தைக் காலிசெய்யவேண்டும். காலையிலேயே கூடாரத்தின் மேல்துணியைக் கழற்றி வெயிலில் போடுங்கள், உலர ஒரு மணித்தியாலம் போதும். மழையில் சுருட்ட நேர்ந்தால், வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ வாகனத் தரிப்பறையில் விரித்து உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, உள்பூச்சு உரிந்து, அடுத்த மழைக்கு உதவாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் குளிக்கச் சொல்லி, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி, தலைமயிரோரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூசுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. எடுத்த உண்ணியைச் சிறு டப்பாவில் திகதி எழுதி வையுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்குள் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல், மூட்டுவலி வந்தாலோ அந்த டப்பாவோடு டொக்டரிடம் போங்கள்.